மூன்றாவது வரி

துணைத் தலைவர் எங்கே போனாலும் அவருடைய பதவி ஓரடி முன்னால் போகும். ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜையில் பெயர் கேட்டதற்கு அட்டையை எடுத்து நீட்டினார். 'உலகளாவிய டிஜிட்டல் மாற்றத்துக்கான மூத்த துணைத் தலைவர்' என்று இரண்டு வரிக்கு நீண்ட அட்டை அது. அந்தப் பெண் அதை முழுவதும் படித்துவிட்டு, "நோயாளிக்கு நீங்க என்ன உறவு?" என்று கேட்டாள்.

"மகன்" என்றார். அதற்கு அட்டை இல்லை.

மருந்துக் கடையில் வேலை பார்க்கும் அவருடைய தங்கையிடம், அண்ணனுக்கு என்ன உத்தியோகம் என்று யாராவது கேட்டால், "மத்தவங்க செய்யற வேலைக்கெல்லாம் புதுசு புதுசாப் பேர் வைக்கிறான்" என்பாள். வீட்டில் அவருக்கே ஒரு பெயர் உண்டு: பிளக்கு. அதற்குக் காரணம் அப்பாவின் எடிட்டர்.

அப்பா குடிநீர் வழங்கும் அலுவலகத்தின் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்த்தவர். எந்தக் கோப்பைத் திருத்துவதானாலும் அவருக்கு ஒரே எடிட்டர்தான். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. மௌஸுக்கு அங்கே வேலை கிடையாது. அதில் சும்மா தட்டினால் எழுத்து விழாது. ஒவ்வொரு விசையும் ஒரு கட்டளை. எழுத வேண்டுமென்றால் முதலில் ஆங்கில 'ஐ' தட்டி அனுமதி வாங்க வேண்டும். எழுதி முடித்ததும் எஸ்கேப்பைத் தட்டி மறுபடி கட்டளைக்குத் திரும்ப வேண்டும். முதல் வேலைக்குப் போன புதிதில் மகன் அதற்குள் மாட்டிக்கொண்டு, வெளியே வர வழி தெரியாமல் விழிபிதுங்கி, அப்பாவுக்குப் போன் போட்டார். கீழே இறங்க ஜே, ஒரு வரியை அழிக்க டி இரண்டு தடவை, செய்ததைத் திருப்ப யூ என்று அவர் நிதானமாகச் சொல்லிக்கொண்டு வந்து, வெளியேறும் கட்டளையைச் சொல்வதற்குள் இவர் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டார். அந்த அறையில் பாதிப் பேருடைய வேலை அன்று காற்றில் போயிற்று. இவரைக் கம்ப்யூட்டர் பக்கமே விடக் கூடாது என்று அப்போது மேலே தூக்கி வைத்தார்கள், தூக்கிக்கொண்டே போய் இன்றைக்குத் துணைத் தலைவர் ஆகிவிட்டார் என்பது தங்கையின் ஆராய்ச்சி.

இப்போது அப்பா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூளையில் ரத்தக் குழாய் அடைத்து, வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சு போய்விட்டது. இடது கையில் மருந்து ஏற்றும் ஊசியைக் குத்தி, அது அசையாமல் இருக்க மட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். கட்டுக்கு வெளியே ஆள்காட்டி விரல் ஒன்றுதான் நீட்டிக்கொண்டிருந்தது. ஆளில் மிச்சம் இருப்பது அதுதான் என்பதுபோல அவரும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் விஷயத்தைத் தெளிவாகவே சொல்லியிருந்தார். நாம் சொல்வது அவருக்குப் புரிகிறதென்றால் வீட்டில் வைத்துப் பயிற்சி கொடுக்கலாம், பலன் இருக்கும். புரியவில்லையென்றால் பயிற்சியால் பயனில்லை. முழுநேரப் பராமரிப்பு இல்லம்தான் சரி. சோதித்துப் பார்த்து அறிக்கை எழுத வேண்டியது பேச்சுப் பயிற்சியாளர். இல்லத்தில் துணைத் தலைவர் ஏற்கெனவே இடம் சொல்லி வைத்துவிட்டார். அப்பா இத்தனை வருஷமாக இருப்பது தங்கையோடு, மாடியில் இரண்டு அறை கொண்ட வாடகை வீட்டில்.

"மாடிப்படி இருக்கும்மா உன் வீட்ல. யதார்த்தமா யோசி" என்றார் அவர்.

"உன் வீட்ல லிஃப்ட் இருக்கே அண்ணா."

"அது வேற விஷயம்" என்றார் துணைத் தலைவர். எப்படி வேறு என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

பேச்சுப் பயிற்சியாளர் கனிவான பெண்மணி. சின்ன லேப்டாப் ஒன்றைக் கட்டிலின் மேல் தட்டில் வைத்தார். அப்பாவின் கண் கூசாமல் இருக்கட்டும் என்று திரையைக் கறுப்பாக்கி, எழுத்தை வெள்ளையாகப் பெரிதாக்கினார். அப்பாவைப் பற்றி நாலு வார்த்தை எழுதித் தாருங்கள், பழக்கமான செய்தியைப் பார்த்தால் சிலருக்கு முகத்தில் சலனம் தெரியும் என்று முதல் நாளே கேட்டிருந்தார். துணைத் தலைவருக்கு நாலு வார்த்தை எழுத வராது. திரையில் இது இருந்தது:

எங்கள் தந்தை தொலைநோக்கும் தலைமைப் பண்பும் ஒருங்கே வாய்ந்த தொழில்நுட்ப முன்னோடி.
லட்சக்கணக்கான குடும்பங்களின் தாகம் தீர்த்த தகைமையாளர்.
தற்போது மகனின் இல்லத்தில், அவரது அரவணைப்பில், நிறைவான ஓய்வு வாழ்வை வாழ்ந்து வருகிறார்.

தங்கை படித்தாள். மூன்றாவது வரிக்கு வந்ததும் அண்ணனை ஒரு பார்வை பார்த்தாள்.

"பொதுவா எழுதறது அப்படித்தான்" என்றார் அவர். உறவுக்காரர்களுக்கும் இதே வாசகத்தைத்தான் அனுப்பியிருந்தார்.

"ஐயா, படிச்சுப் பாருங்க. உங்களுக்கு என்ன தோணுதோ டைப் பண்ணுங்க" என்றார் பயிற்சியாளர்.

அப்பா திரையையே வெகுநேரம் பார்த்தார். பிறகு விரல் விசைப்பலகைக்கு மேலே தயங்கித் தயங்கி நகர்ந்து ஒரு விசையில் இறங்கியது. ஜே. மறுபடி ஜே. பிறகு இடப்பக்கம் ஊர்ந்து டி. இன்னொரு டி. முதல் வரியின் தலையில் அந்த நாலு எழுத்தும் ஒட்டுக்குடித்தனம் வந்ததுபோல உட்கார்ந்துகொண்டன.

"ஜே ஜே டி டி" என்று பயிற்சியாளர் வாய்விட்டுப் படித்தார். "வீட்ல யாருக்காவது செல்லப் பேரா?"

"எங்க வீட்ல பிளக்கு ஒண்ணுதான் செல்லப் பேரு" என்றாள் தங்கை.

அப்பாவின் முகம் சுருங்கியது. விரல் மூலைக்குப் போய் எஸ்கேப்பைத் தேடி அழுத்தியது. ஒன்றும் நடக்கவில்லை. யூவை அழுத்தினார். யூவும் வந்து வரிசையில் சேர்ந்துகொண்டது. மீண்டும் எஸ்கேப். மீண்டும் ஜே ஜே டி டி.

"அந்த மூலை பட்டனுக்கு இதுல வேலை கிடையாதுங்க ஐயா" என்றார் பயிற்சியாளர். சேர்ந்த எழுத்தையெல்லாம் அழித்துவிட்டு, வேறு பக்கத்தைத் திறக்காமல் அதையே மறுபடி காட்டினார். மறுபடி ஜே, ஜே, டி, டி.

துணைத் தலைவர் அந்த நாலு எழுத்தையும் மனசுக்குள் கட்டளையாகப் படித்துப் பார்த்தார்.

கீழே ஒரு வரி. இன்னும் ஒரு வரி கீழே. அந்த வரியை அழி.

அப்பா அந்தக் கறுப்புத் திரையைத் தன் எடிட்டர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அவர் அழிக்கப் பார்ப்பது மூன்றாவது வரியை. எழுத்து விழுகிறதே என்று எஸ்கேப் அடிக்கிறார். விழுந்ததைத் திருப்ப யூ அடிக்கிறார். முதல் இரண்டு வரியில் அத்தனை ஜோடனை இருந்தும் அவர் அதைப் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டார். பொய்யை மட்டும் எடுக்கச் சொல்கிறார்.

அறையில் இது தெரிந்த ஒரே ஆள் துணைத் தலைவர். மேடையேறி இரண்டு மணி நேரம் தொழில்நுட்பம் பற்றிப் பேசக்கூடியவர். வாய் திறக்கவில்லை.

பயிற்சியாளர் எழுதிக்கொண்டார்: ஒரே எழுத்துகளைத் திரும்பத் திரும்பத் தட்டுகிறார், பொருள் இல்லை. "பாவம், விரல் தானா ஓடுது" என்றார் மெதுவாக. தங்கை அப்பாவின் போர்வையைச் சரி செய்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பா மகனைப் பார்த்தார். மகன் தன் கைபேசியைப் பார்த்தார். அதில் அழைப்பு எதுவும் வரவில்லை.

மறுநாள் முற்பகல் துணைத் தலைவர் இல்லத்தைப் பார்க்கப் போனார். இல்லத்தின் நிர்வாகி வாசலிலேயே நின்று வரவேற்றாள்.

"இங்க நாங்க நோயாளின்னு சொல்றதே இல்ல சார். வாழ்க்கைப் பயணி. கவனிச்சுக்கறவங்க பயணத் துணைவர்."

"அருமை" என்றார் அவர், வாய்ப் பழக்கத்தில்.

"சாப்பாட்டுக் கூடம்னு சொல்றதில்ல, பகிர்வு மையம்."

இந்தப் பாஷை அவர் வளர்த்த பிள்ளை. ஆபீஸில் ஆட்களை வேலையைவிட்டு அனுப்புவதற்கு 'புதிய வானம்' என்று பெயர் வைத்ததே அவர்தான். அது இப்போது தன் அப்பாவுக்கு எதிரே வந்து கைகட்டி நிற்கும்போது அடையாளம் தெரிந்தது. தரை பளபளப்பாக இருந்தது. ஜன்னல்கள் பெரிசு. குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தார். கிடைத்தால் கோபப்பட்டுத் திரும்பியிருக்கலாம். கிடைக்கவில்லை.

ஒவ்வொரு அறைக் கதவிலும் கண்ணாடிச் சட்டத்துக்குள் உள்ளே இருப்பவரைப் பற்றி ஒரு குறிப்பு. சக்கர நாற்காலியில் ஒரு வயதான அம்மாள் தன் கதவுக்கு எதிரே நின்று, அதை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். இவரைக் கண்டதும், "இந்த ரூம்ல யாருப்பா இருக்கா? பெரிய மனுஷி போல இருக்கே" என்றாள்.

"உங்க அறைதான் அம்மா அது" என்றாள் நிர்வாகி.

"நானா? எனக்கு யாரும் சொல்லவே இல்லையே" என்று அந்த அம்மாள் மறுபடி முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

கடைசிக் கதவில் சட்டம் புதுசு. நிர்வாகி பெருமையோடு காட்டினாள். "நீங்க மெயில்ல அனுப்பினதை அப்படியே போட்டுட்டோம் சார். கட்டிலுக்கு நேரா உள்ளேயும் ஒண்ணு மாட்டியிருக்கோம். கண்ணைத் திறந்ததும் அதுதான் தெரியும்."

தொலைநோக்கும் தலைமைப் பண்பும். தாகம் தீர்த்த தகைமையாளர். தற்போது மகனின் இல்லத்தில், அவரது அரவணைப்பில்.

துணைத் தலைவர் கட்டிலையும் சட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பா தினமும் கண் விழித்து அந்த மூன்றாவது வரியைப் பார்ப்பார். விரலை நீட்டுவார். கண்ணாடிக்கு மேல் ஜே ஜே டி டி என்று தட்டுவார். பயணத் துணைவர் வந்து, விரல் தானாக ஓடுகிறது என்று கையை எடுத்துப் போர்வைக்குள் வைப்பார்.

"பிடிச்சிருக்கா சார்?" என்றாள் நிர்வாகி.

"எழுத்துப்பிழை இல்ல" என்றார் துணைத் தலைவர்.

அவர் ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது தங்கை அப்பாவுக்கு முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். துணைத் தலைவர் தன் ஆபீஸ் லேப்டாப்பைத் தட்டில் வைத்துத் திறந்தார். மெல்லிசான, விலை உயர்ந்த லேப்டாப். அதில் அவர் இதுவரை செய்ததெல்லாம் படங்காட்டிப் பேசியதுதான். கட்டளைத் திரை எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கே வியர்த்தது. ஒருவழியாகக் கறுப்பு ஜன்னல் திறந்தது. எடிட்டரின் பெயரையும் கோப்புக்கு ஒரு பெயரையும் தட்டினார். உள்ளே போய்விட்டார்.

தட்டத் தட்ட லேப்டாப் கீச் கீச்சென்று கத்தியது. எழுத்து விழவில்லை.

"என்ன பண்ற நீ?" என்றாள் தங்கை.

"எழுதறேன்."

"அது உன்னைத் திட்டுதே. பிளக்கைப் பிடுங்கப் போறியா?"

அப்பாவின் விரல் நீண்டு, 'ஐ'யை ஒருமுறை தட்டிவிட்டுப் பின்வாங்கியது.

துணைத் தலைவர் எழுதத் தொடங்கினார், எழுத்து விழுந்தது. அதே மூன்று வரி, ஓர் எழுத்து மாற்றாமல். எழுதி முடித்ததும் எஸ்கேப்பை அடித்து, கர்சரை மேலே கொண்டுபோய் நிறுத்திவிட்டு நகர்ந்து நின்றார்.

ஜே. ஜே. டி. டி.

மூன்றாவது வரி இல்லை. இருந்த சுவடே இல்லை. அப்பா மூச்சை விட்டார். பல நாளாகப் பிடித்து வைத்திருந்ததுபோல இருந்தது.

தங்கைக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "நேத்து தட்டினதும் இதேதானே?"

"ஆமா."

"உனக்கு எப்போ தெரிஞ்சுது?"

பதில் சொல்லாமல் இருக்க அவருக்கு எத்தனையோ வழி தெரியும். கூட்டங்களில் கேட்கிற கேள்வியை 'நல்ல கேள்வி' என்று பாராட்டியே சாகடிப்பவர்.

"நேத்தே தெரியும்" என்றார்.

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கதவைத் திறந்துகொண்டு டாக்டரைக் கூப்பிடப் போய்விட்டாள்.

டாக்டரும் பயிற்சியாளரும் வந்தார்கள். டாக்டர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "எதேச்சையா இருக்கலாம். உறவுக்காரங்க ஆசையில எதையும் நம்புவாங்க" என்றார். பயிற்சியாளர் மட்டும் நேற்று எழுதிய அறிக்கையை இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

டாக்டர் சொல்லச் சொல்ல, துணைத் தலைவர் எழுதினார். தண்ணீர் மேல்நோக்கி ஓடும். இது ஆஸ்பத்திரி. உங்களுக்கு ஒரு மகளும் ஒரு மகனும். இந்த டாக்டர் சொன்ன நேரத்துக்கு வருவார். கடைசி வரி தங்கை சொன்னது.

அப்பா தண்ணீரை அழித்தார். நடுவில் உள்ளதைத் தொடாமல் இறங்கிக் கடைசிக்குப் போய், டாக்டரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அதையும் அழித்தார்.

"முதல் நாளே எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது" என்றார் டாக்டர்.

பயிற்சியாளர் குனிந்து, "ஐயா, உங்களால எழுத முடியுதா, பாக்கலாமா?" என்றார். அப்பா 'ஐ'யைத் தட்டினார். அனுமதி கிடைத்துவிட்டது, கர்சர் வெறும் வரியில் துடித்துக்கொண்டு நின்றது. விரல் ஒரு விசைக்கு மேலே போயிற்று, அங்கிருந்து வேறொன்றுக்கு, அங்கிருந்து இன்னொன்றுக்கு. எந்த எழுத்திலும் இறங்கவில்லை. உதடு அசைந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. வார்த்தை இருக்கும் இடத்துக்குப் போகும் பாதை அறுந்திருந்தது. கடைசியில் விரல் மூலைக்குத் திரும்பி எஸ்கேப்பைத் தட்டியது, கதவைச் சத்தம் இல்லாமல் சாத்துவதுபோல.

இருப்பதை எடுக்கலாம். புதிதாக ஒன்றும் வைக்க முடியாது. இனி யாராவது எழுதிக் கொடுத்தால்தான் அப்பாவால் வேண்டாததை அழித்துத் தன் மனதைச் சொல்ல முடியும்.

"அப்ப அவர்கிட்டயே கேட்டுடலாம்" என்றாள் தங்கை. "எங்க போறதுன்னு."

துணைத் தலைவர் எழுதினார்:

மகள் வீடு
பராமரிப்பு இல்லம்

"அவ்வளவுதானா?" என்றாள் அவள்.

"வேற என்ன?"

"மூணாவது வரி ஒண்ணு இருக்கு அண்ணா. நீ எழுதி ஊருக்கெல்லாம் அனுப்பினதுதான்."

அவர் காது சிவந்தது. அவர் வீட்டில் ஒரு தனி அறை உண்டு. அதில் உடற்பயிற்சி சைக்கிள் ஒன்று நிற்கிறது. அவர் சட்டைகளைக் காயப்போட உபயோகப்படுகிறது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதாக எழுதினார்: மகன் வீடு. எஸ்கேப்பை அடித்து, கர்சரை முதல் வரிக்குக் கொண்டுபோனார்.

அப்பா ஒரு வரி இறங்கினார். டி. டி. பராமரிப்பு இல்லம் போயிற்று. ஒன்றை அழித்தால் அடுத்தது தானாக விரலடியில் வந்து நிற்கும். அந்த எடிட்டரின் குணம் அது. இப்போது கர்சர் மகன் வீட்டின் தலையில் நின்றது.

விரல் டியின் மேல் இறங்கியது. ஒருமுறை.

ஒரு டி தட்டினால் ஒன்றும் ஆகாது. எடிட்டர் இரண்டாவதுக்காகக் காத்திருக்கும். அந்தக் காத்திருப்பில் துணைத் தலைவர் தன் நெஞ்சுக்குள் ஒரு குரலைக் கேட்டார். 'தட்டிடுங்கப்பா' என்றது அது. தட்டிவிட்டால் பிரச்சினை முடிந்தது. அப்பாவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்று ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொள்ளலாம். சைக்கிள் அதன் இடத்தில் நிற்கும். அந்தக் குரல் தன்னுடையதேதான்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. குழாயில் தண்ணீர் வருகிறதா இல்லையா என்று பார்க்கிற பார்வை.

பிறகு விரல் டியை விட்டுக் கிளம்பி மூலைக்குப் போயிற்று. எஸ்கேப். பாதியில் நின்ற கட்டளை ரத்தானது. இரண்டு வரியும் அப்படியே இருந்தன.

"முடிஞ்சுதா? ரெண்டையும் வெச்சிட்டாரா?" என்றாள் தங்கை.

முடியவில்லை. அப்பா விரலை வலது ஓரத்துக்கு நகர்த்தி ஒரு விசையை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். திரையில் ஒன்றும் அசையவில்லை. மகனுக்கு விளங்கியது. அது சேமிக்கும் கட்டளையின் தொடக்கம். கோலன் என்கிற இரட்டைப் புள்ளி வேண்டும், அதற்கு ஷிப்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். இரண்டு விரல் கேட்கிற வேலை. அப்பாவிடம் ஒன்றுதான் இருந்தது.

மகன் கட்டிலோரம் உட்கார்ந்து ஷிப்டை அழுத்திப் பிடித்தார். அப்பா தட்டினார். திரையின் அடியில் கோலன் விழுந்தது. மகன் இன்னும் பிடித்துக்கொண்டே இருந்தார். விட்டால் எல்லாம் போய்விடுமோ என்று பயம். அப்பா அவருடைய புறங்கையில் விரலால் இரண்டு தட்டு தட்டினார். போதும், எடு. மகன் எடுத்தார். அப்பா டபிள்யூவைத் தட்டி, என்டரைத் தட்டி, கையைப் போர்வைமேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். கோப்பு எழுதப்பட்டுவிட்டதென்று கீழே ஒரு வரி வந்து நின்றது.

"அந்த சைக்கிள்..." என்றாள் தங்கை.

"நாளைக்கு எடுத்துடறேன்."

"பிளக்கு."

"இன்னைக்கு" என்றார் அவர்.

டாக்டர், பயிற்சியாளர், தங்கை எல்லோரும் பேசிக்கொண்டே வெளியே போனார்கள். மகன் அந்தக் கறுப்புத் திரைக்கு எதிரே தனியாக உட்கார்ந்திருந்தார். வெளியேறும் கட்டளை அவருக்கு இன்றைக்கும் தெரியாது. மடக்கிவைக்கவும் மனசு வரவில்லை. அப்பா விழித்ததும் கேட்டுக்கொள்ளலாம் என்று, அதைத் திறந்தபடியே அவர் முன்னால் விட்டுவைத்தார்.